வெறும் வயிறு

"ராத்திரிலேர்ந்து பச்சத் தண்ணி கூட குடுக்கல சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டே கணவனுக்கு ஆஸ்பத்திரிச் சட்டையை மாட்டிவிட்ட சுசீலாவின் கை, அவன் மீசையில் ஒட்டியிருந்த பன்னுத் துகளைக் கண்டதும் அப்படியே நின்றது.

கன்னியப்பன் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். "மோகன் வாங்கியாந்தான். டீயும் பன்னும். நீ மருந்து வாங்கப் போயிருந்தே. பசி தாங்கல."

"நேத்தே படிச்சிப் படிச்சி சொன்னேனே!" என்று நர்ஸ் தள்ளுவண்டியைத் திருப்பினாள்.

இதய வால்வில் கிருமி கட்டியாகப் படிந்திருப்பதை மார்பின்மேல் வைத்துப் பார்த்த எக்கோ முன்னரே காட்டிவிட்டது. சீழ் வால்வைத் தாண்டி இதயச் சுவருக்குள் இறங்கியுள்ளதா என்பதைத் தொண்டை வழியே குழாயை விட்டுத்தான் பார்க்க வேண்டும். பார்த்த பின்னரே அறுவை. வயிற்றில் உணவிருக்கக் குழாயை விட்டால், அந்த உணவு மேலேறி மூச்சை அடைத்துவிடும்.

"சாயங்காலம்தான்மா முடியும். துடிப்பு வேற தயங்கித் தயங்கி வருது" என்றார் மருத்துவர்.

இரவு வேலை முடித்து நேரே வந்திருந்த கொழுந்தன் மோகன், முகம் கழுவிக்கொண்டு கட்டிலருகே வந்தான். "இன்னா அண்ணி, படம் புடிச்சாச்சா? டீ உள்ள போனதும் அண்ணன் மூஞ்சி எப்டி தெளிஞ்சிடிச்சி பாரு!"

காய்ச்சலில் துவண்ட அண்ணனை மாடியிலிருந்து முதுகில் சுமந்து இறக்கியவன் அவன்.

"மெஷின் ரிப்பேராம்" என்றாள் சுசீலா. "சாயங்காலம் எடுப்பாங்களாம்."

கன்னியப்பன் அவளைச் சற்றுநேரம் பார்த்தான். "இவனுங்க மெஷினும் நம்ம கம்பெனி லேத்து மாதிரிதான்டா" என்று தம்பியிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

நண்பகலில் ஏதோ பேசிக்கொண்டிருந்த கன்னியப்பனின் பேச்சு பாதியில் நின்றது. விழிகள் மேலே செருகின. திரையை இழுத்தார்கள், சிறிய எக்கோக் கருவியைக் கட்டிலருகே உருட்டி வந்தார்கள். திரையின் இடுக்கு வழியே அவள் பார்த்தாள். சாம்பல் நிறப் படத்தில், கிழிந்த துணிபோல ஏதோ ஆடியது. பிறகு ஆடவில்லை.

மறுநாள் மேனாம்பேட்டு வீட்டு வாசலில், கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் அழுதுகொண்டிருக்கையில், தெருவில் மோகனின் குரல் வெடித்தது.

"காத்தாலயே பாத்திருந்தா எங்கண்ணன் பொழச்சிருப்பான்! மெஷின் ரிப்பேருன்னு கெடப்புல போட்டானுங்க. ஏறுடா மச்சான், போய் நாலு வார்த்த கேட்டுட்டு வரலாம்!"

இரண்டு பைக்குகள் உறுமின.

சுசீலா தலையை நிமிர்த்தினாள். அங்கே அந்த நர்ஸ், பன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்குப் பிறகு இவன் எந்த வாயால் சோற்றை விழுங்குவான்?

பெண்கள் தடுப்பதற்குள் எழுந்து ஓடினாள். இத்தனை ஆண்டுகளில் அவன்மேல் விரல் படாதவள், அவன் சட்டையை முதுகோடு சேர்த்துப் பற்றினாள்.

"போவாத."

"உடு அண்ணி. கேட்டுட்டு ஒடனே வந்துர்றேன்."

"போவாத மோகனு. எனக்கு பயமா கீது."

"இன்னா பயம்? நான் கீறேன்ல?"

மாலையோடு வந்தவர் வழியில்லாமல் பைக்குகளுக்குப் பின்னால் நின்றார். யாரோ ஒருவர் கையை நீட்டி இன்ஜினை அணைத்தார்.

"அண்ணி, சட்ட கிழியுது" என்றான் மோகன், மெதுவாக.

தோள் தையல் பிரிந்துகொண்டுதான் இருந்தது. அவள் விடவில்லை.