பொடிக்கு என்ன சூடு

மண்வெட்டி போட்டால் வேர் அறுந்துவிடும் என்று லீலாபாய் ஒரு கம்பியால்தான் செடியைச் சுற்றி நெம்பினாள். முந்தின நாள் மழையில் மண் இளகிக் கிடந்தது. சோயாச் செடி அடம்பிடிக்காமல் கையோடு வந்தது. வாளித் தண்ணீரில் முக்கி அலசினாள். மண் கரையக் கரைய, வேர் முழுக்க முடிச்சுகள். மிளகளவில் சில, கடுகளவில் பல. ஒன்றை பிளேடால் கீறினாள். உள்ளே நல்ல சிவப்பு. உயிரோடு வேலை செய்யும் முடிச்சு அப்படித்தான் இருக்கும். பனச்சமூடு சந்தைக்கு அரை மைல் இப்புறம், மரச்சீனி என்கிற மரவள்ளிக்கு நடுவே பத்து சென்ட் இடத்தில் தனியாகக் குந்தியிருந்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். மூன்று வருஷத்தில் அவள் இப்படிச் சிரித்தது குறைவு.

வேர் முடிச்சுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாக்கிக் கொடுக்கும். மத்தியப்பிரதேசத்து சோயா வயலிலிருந்து வந்த நூறு வகைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு எழுபத்தொன்று என்று எண் கொடுத்து, அதையே நினைத்து உண்டு உறங்கியிருந்தாள். சோயாவே விளையாத இந்தக் கேரள எல்லைப்புற மண்ணில், எழுபத்தொன்றைக் கரித்தூளில் ஏற்றிய பொடியை விதையோடு கலந்து விதைத்தால் யூரியா இல்லாமலே விளையும் என்பதுதான் அவளுடைய ஆய்வேடு. செங்கல், கோட்டுகால் என்று ஐந்து ஊர்களில் பரிசோதனைத் தோட்டம் போட்டிருந்தாள். மற்ற நாலும் சுமார். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட நாத்தனார் முறையான ஆனந்தபாய் மாமியின் இந்தத் தோட்டம்தான் மானத்தைக் காப்பாற்றியது. உதவித்தொகை சித்திரையோடு நின்றுபோயிற்று. 1996 டிசம்பருக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் கல்லூரியில் காலியாகும் விரிவுரையாளர் வேலைக்கு மனுப்போடலாம். தவறினால் முப்பத்திரண்டு வயதில் வீட்டில் உட்கார வேண்டியதுதான். இன்று பன்னிரண்டு மணிக்குப் பேராசிரியர், வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு, இந்தத் தோட்டத்தைப் பார்க்க வருகிறார்.

வேரை நனைந்த செய்தித்தாளில் சுற்றிவைத்துவிட்டு அடுக்களை வாசலுக்குப் போனாள். ஆனந்தபாய் மதியச் சோற்றை வடிக்கப் பானையைச் சரித்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, சாரு வந்தா எல்லாத்தையும் கேப்பாரு. விதையிலே பொடி சேத்தத எப்படிச் செஞ்சியன்னு ஒருக்கா சொல்லுங்க. நான் எழுதிக்கிடுதேன்."

"நீ சொன்னபடிதான் மக்கா. கஞ்சிவெள்ளத்திலே கலக்கி, விதையைப் புரட்டி, நெழலிலே உணக்கினேன்."

"கஞ்சிவெள்ளம் நேத்தைக்குள்ளதா?"

"நேத்தைக்குள்ளதிலே எங்க பசை இருக்கு? இன்னா, இதுபோல வடிச்ச உடனே நீ தந்த பொடிப் பாக்கெட்டை அப்படியே தட்டிக் கலக்கினேன். மாமனுக்க வேட்டிக்குக் கஞ்சி போடுகதும் சூட்டிலேதான். ஆறினா ஆடை கட்டி, கட்டி கட்டியாட்டு நிக்கும்."

லீலாபாயின் பேனா நின்றது.

"விதையையுமா சூட்டிலே போட்டிய?"

ஆனந்தபாய் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவளுக்குக் கொஞ்சம் கோபமே வந்துவிட்டது.

"எனக்குப் புத்தியில்லியா பிள்ளே? நல்லா ஆறினப்பொறவு ஆக்கும் விதையைப் போட்டது. சூட்டிலே போட்டா முளைக்குமா? பொடிக்கு என்ன சூடு."

லீலாபாய்க்குக் காது அடைத்துக்கொண்டது. மாமி மேற்கொண்டு ஏதோ சொல்வது தெரிந்தது. என்னவென்று மனதில் ஏறவில்லை. ஆய்வுக்கூடத்தில் கஞ்சி எப்போதும் ஆறித்தான் இருக்கும். விடுதி சமையல்காரி காலையில் வடித்ததைப் புட்டியில் ஊற்றிக் கொடுப்பாள். மேசைக்கு வரும்போது மத்தியானம் ஆகிவிடும். ஆறவைக்க வேண்டும் என்ற நினைப்புக்கே அங்கே இடமில்லை. ஐந்து வீட்டிலும் போய், கஞ்சியில் கலக்குங்கள் என்று வாய்வலிக்கச் சொன்னவள், ஆறிய கஞ்சி என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அடுப்படியில் நின்று சோறு வடித்த பழக்கம் அவளுக்குக் கிடையாது. படிக்கிற பிள்ளை என்று அம்மா விட்டதில்லை. அந்தச் செல்லத்தின் பலன் இப்படி வந்து நிற்கும் என்று யார் கண்டார்கள்.

பைக்குள் கையைவிட்டு, மண்ணின் சூடு பார்க்கிற தெர்மாமீட்டரை எடுத்தாள். வடித்த கஞ்சிக்குள் அதை முக்கினாள். பாதரசம் ஐம்பதைக் கடந்தது. ஐம்பதுக்கு மேல் எழுபத்தொன்று பிழைக்காது என்று இரண்டாம் அத்தியாயத்தில் அவளே எழுதியிருக்கிறாள், அட்டவணையோடு. அறுபது, எழுபது என்று ஏறி எண்பத்தாறில் போய் நின்றது.

"என்ன மக்கா, மொகம் இப்படி வெளுத்துப்போச்சு?"

"பொடிக்குள்ளே உயிர் உண்டு மாமி. கண்ணுக்குத் தெரியாத உயிர். அத்தனையும் வெந்துபோச்சு."

ஆனந்தபாய் கரண்டியைக் கீழே வைத்தாள். "உயிரு உண்டுன்னு நீ சொல்லல்லியே பிள்ளே," என்றாள் மெதுவாக. "வளம்னு நெனச்சேன். சாம்பல்போலல்லா இருந்துது."

பிறகு ஆனந்தபாய் வாசலில் கிடந்த செய்தித்தாளைப் பிரித்து, வேரைத் தூக்கிப் பார்த்தாள்.

"அது செத்துப்போச்சுன்னா, பின்ன இதுக்குள்ளே இருக்கது ஆரு?"

லீலாபாய் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். இந்தக் கேள்வியை இரண்டு மாதமாகச் செடியே அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தது. பொடி போடாமல் ஒப்பிட்டுப் பார்க்க விதைத்த நாலு வரிசையிலும் இதே பச்சை. மழைவெள்ளத்தில் பொடி பரவியிருக்கும் என்று எழுதிவைத்தாள். முப்பதாம் நாள் இந்தத் தோட்டத்து முடிச்சுகளை நசுக்கி ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தபோது எழுபத்தொன்று முளைக்கவேயில்லை. ஒன்று பால்போல வழவழவென்று வந்தது, ஒன்று ஊசிமுனை அளவில் வறண்டு நின்றது, ஒன்று மூன்றே நாளில் தட்டையே நிறைத்தது. கை சுத்தமில்லாமல் வேறு கிருமி ஏறிவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டு, அறுபது தட்டுகளை அவித்துக் கழுவித் தள்ளினாள். மிஞ்சியவற்றில் சாயலில் ஒத்துப்போன ஒன்றைப் பிடித்து, இதுதான் எழுபத்தொன்று என்று எழுதினாள். எழுதும்போதே உள்ளுக்குள் ஒன்று உறுத்தியது. தூக்கம் போதவில்லை என்று அதைச் சமாதானப்படுத்தியவளும் அவள்தான். இந்த மண்ணில் யாரும் கொண்டுவந்து விடாமல் தலைமுறை தலைமுறையாகக் கிடந்தவை, முன்பின் பார்த்திராத ஒரு செடியின் வேரைத் தேடிவந்து குடியேறியிருக்கின்றன, ஒரு வகையல்ல, பல வகை. அவள் அவற்றை அழுக்கென்று சாக்கடையில் ஊற்றியிருக்கிறாள். மாமி வேகவைத்தது ஒரு பாக்கெட். லீலாபாய் வேகவைத்ததற்குக் கணக்கே இல்லை.

ஆனந்தபாய் அருகில் வந்து குனிந்தாள். "மக்கா, நான் ஆறவச்சிட்டுத்தான் கலக்கினேன்னு சாருக்கிட்ட சொல்லட்டா? எனக்கும் உனக்கும் அல்லாம ஆருக்குத் தெரியும்? உனக்க வேலைக்குள்ள காரியமில்லியா."

வேண்டாம் என்று லீலாபாய்க்குச் சொல்ல வரவில்லை. சரி என்றால் எல்லாம் நேராகிவிடும். ஆய்வேட்டில் ஒரு வரிகூட மாற்றவேண்டாம். அதை நினைத்தபோது வந்த ஆறுதல் அவளையே பயமுறுத்தியது. எழுந்து வரப்போரமாக நடந்தாள். மரச்சீனி மூட்டில் படர்ந்திருந்த தட்டைப்பயற்றுக் கொடி ஒன்றைப் பிடுங்கி உதறினாள். வேரில் முடிச்சு. வேலியோரம் யாரும் விதைக்காமல் முளைத்த கொழிஞ்சியைப் பிடுங்கினாள். அதிலும் முடிச்சு. அடுத்ததிலும் இருந்தது. சேலை முந்தானை சேற்றில் இழுபட, ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே போனாள். பிளேடு செய்தித்தாளோடு அங்கேயே கிடந்ததால் நகத்தால் கீறிப் பார்த்தாள். எல்லாம் சிவப்பு.

தெருவில் ஜீப் வந்து நின்றது. நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். பேராசிரியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் இறங்கினார். பின்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட நிபுணர், செருப்பில் சேறு படாமல் கால் பார்த்து வைத்து வந்தார். ஆனந்தபாய் சோற்றுக்கையை முண்டில் துடைத்தபடி வாசலில் நின்று, லீலாபாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் ஒரு குறிப்பு கிடைத்தால் போதும், சொல்லிவிடுவாள்.

"லீலே, நல்ல செடி ஏதா? சாரினு காணிக்கு," என்று நல்ல செடியைக் காட்டச் சொன்னார் பேராசிரியர், மலையாளத்தில்.

சோயா வரிசை அவளுக்கு வலப்பக்கம், கைநீட்டும் தூரத்தில், இடுப்பளவு பச்சையாக நின்றது. லீலாபாய் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கையில் இருந்த கொழிஞ்சியை, சேறு சொட்டும் வேர் மேலே தெரியும்படி தலைகீழாகப் பிடித்து, நிபுணரிடம் நீட்டி, "இதுக்கு ஆரும் பொடி போடல்லே சார்," என்றாள். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.