பொழுதுக்குள் வந்த ஆஸ்டின்

ஜெயபால் நைனார் டாக்சியாக ஓட்டும் தன் பழைய ஆஸ்டின் காருக்கு இன்னும் கொஞ்சம் இழுவை கூட்ட முடியுமா என்று கேட்டார். நான் பகலில் செஞ்சிக் கடைத்தெருவில் சைக்கிள் கடையில் வேலை பார்த்து, மாலையில் மோட்டார் மெக்கானிக் வகுப்புக்குப் போகிறவன். முடியும் என்று உடனே சொல்லிவிட்டேன். வீட்டுக்கு நடக்கும்போதே, சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

காரணம் அவர் மகள் ஜ்வாலாமாலினியின் கல்யாணம். அவர்கள் சமணர்கள், பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டார்கள். புரட்டாசிக்கு முன் பெண் பார்க்க வந்தவர்களைத் திண்டிவனம் ரயிலடியிலிருந்து நைனாரே காரில் அழைத்து வந்தார். அத்தனை பேரும் ஏறியதும் கார் மாட்டுவண்டியோடு போட்டி போட்டது. செஞ்சிக்குள் நுழைந்தபோது சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் போய்விட்டது. அவர் மனைவி தர்மவதி அம்மாள் சமைத்து வைத்த விருந்தை யாரும் தொடவில்லை. வெறும் வயிற்றோடு படுத்துக் காலையில் கிளம்பியவர்களிடமிருந்து பதிலே வரவில்லை. இப்போது வேறு இடத்திலிருந்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை, அதே சாயங்கால ரயிலில் வருகிறார்கள். கார்த்திகை மாதத்தில் பொழுது இன்னும் சீக்கிரம் சாயும்.

வேறு டாக்சி பேசலாமே என்றேன். டாக்சிக்காரன் வீட்டுக்கு அடுத்தவன் டாக்சியில் சம்பந்தி வருவதா என்று கேட்டார். சாப்பாட்டை ரயிலடிக்கே எடுத்துப் போய்விடலாம் என்று தர்மவதி அம்மாள் சொன்னார்.

"அப்டியே பொண்ணயும் பிளாட்பாரத்துல ஒக்கார வெச்சிக் காட்டிடலாமா?" என்றார் நைனார்.

வகுப்பில் சொன்ன வரிசைப்படியே ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம்தான்; மாற்றியதும் திண்டிவனம் சாலையில் ஒரே மேட்டில் ஓட்டிப் பார்ப்பது. பிளக்குகளைச் சுத்தம் செய்தேன். வால்வு இடைவெளியைச் சரி செய்தேன். என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, லேத் பட்டறையில் அடிப்பக்கத்தை மெல்லியதாகச் சீவி வாங்கினேன். உள்ளே இடம் குறைந்தால் காற்றும் பெட்ரோலும் இன்னும் இறுக்கமாக அமுங்கும், வெடிக்கும் பலம் கூடும். பாடம் அப்படித்தான் சொல்கிறது.

நின்ற இடத்தில் முடுக்கினால் ஆஸ்டின் உறுமியது. நைனார் ஓட்டிக்கொண்டு மேட்டில் ஏறினால் பழையபடி திணறியது. எங்கே தப்பு செய்தேன் என்று ஒவ்வொன்றையும் திரும்பக் கழற்றிப் பார்த்தேன். தப்பு அகப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை, மேட்டின் பாதியில் வண்டி இருமியபோது, அங்கேயே நிறுத்தச் சொல்லி பானெட்டைத் திறந்தேன். காற்றை உள்ளே இழுக்கும் கார்புரேட்டரின் வாயில், நாலாக மடித்த வெள்ளைத் துணி இறுக்கிக் கட்டியிருந்தது.

"இது இன்னா நைனாரே?"

"வடிகட்டி" என்றார்.

வண்டியை என்னிடம் விடுமுன் அதை அவிழ்த்துத் துவைத்துக் காயப்போடுவாராம். நான் கை கழுவப் போனதும் திரும்பக் கட்டிவிடுவாராம். என்னிடம் மறைக்கவில்லை. குளித்தேன், பல் விளக்கினேன் என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா, அதுபோல.

"மூச்ச அடச்சிட்டு ஓடச் சொன்னா எப்டி ஓடும்? எடுத்துடலாம்."

"தண்ணியவே வடிகட்டிக் குடிக்கிறோம். இது இழுக்கிற காத்துல எத்தினி ஜீவன் போவும்? எல்லாத்தயும் உள்ள வுட்டு வேக வெக்கச் சொல்றியா? வர்றவங்க பட்டினி கெடந்தாலும் கெடக்கட்டும், தனசேகரா."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நான் துணியைத் தொடாமல் பானெட்டை மூடினேன்.

வீட்டுக்குத் திரும்பியதும் தர்மவதி அம்மாள் எனக்குக் குடிக்கத் தண்ணீர் வடிகட்டினார். அண்டாவின் வாய் முழுக்கத் துணியை ஒற்றையாக விரித்திருந்தார். ஒரு குடம் தண்ணீர் நொடியில் இறங்கியது. நான் தண்ணீரைக் குடிக்காமல் அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா தம்பி, பூச்சி இருக்குதா?"

பூச்சி இல்லை, இடம் இருக்கிறது என்றேன். அவருக்குப் புரியவில்லை. துணி அகலமாக விரிந்தால் காற்றும் இப்படித் தடையில்லாமல் இறங்கும். ஒரு பெரிய பிஸ்கட் டின் மட்டும் கேட்டு வாங்கினேன். அதன் நான்கு பக்கத்தையும் வெட்டி, ஓரச் சட்டத்தை மட்டும் விட்டு, சுற்றிலும் அதே துணியை ஒற்றையாக இழுத்துக் கட்டினேன். அடியில் ஓட்டை போட்டு, சைக்கிள் டியூப் துண்டால் கார்புரேட்டரின் வாயோடு இணைத்தேன். நைனார் துணியை வெயிலில் தூக்கிப் பிடித்து, இழை இழையாகப் பார்த்தார்.

"கொசு கூடப் போவாது" என்று ஒப்புக்கொண்டார்.

டின் உயரமாக இருந்ததால் பானெட் மூடவில்லை. கயிறு போட்டுக் கட்டினோம். அன்று சாயங்காலம் மேட்டில் ஆஸ்டின் ஏறிய வேகத்தில் நைனார் சிரித்துவிட்டார். நான் கயிறு அறுந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ரயில் தாமதமாக வந்தது. மாப்பிள்ளையின் அப்பா வாசுபூஜ்யன் முன்சீட்டில், நைனாருக்கும் எனக்கும் நடுவில் நெருக்கி உட்கார்ந்தார். பின்னால் மாப்பிள்ளையும் பெண்களும். பாதி வழி வரை அவர் சூரியனைப் பார்ப்பார், கயிற்றைப் பார்ப்பார். கடைசியில், பானெட்டை மூட வக்கில்லாத வண்டியா என்று கேட்டே விட்டார். நைனார் வண்டியை மேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான்தான் பூச்சி, துணி, டின் எல்லாவற்றையும் உளறினேன். சொல்லி முடித்ததும், சம்பந்தத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவர் பின்பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? நாம தண்ணியோட நின்னுட்டோம். இவங்க காத்தயே வடிகட்றாங்க. இதுக்கு மேல இன்னா விசாரிக்கிறது?"

இலையில் உட்கார்ந்தபோது சூரியன் ராஜகிரிக்கு மேலே இருந்தது. பாயசம் வரும்போதும் இருந்தது. என்னையும் பிடித்து உட்காரவைத்தார்கள். ஜ்வாலாமாலினி எல்லோருக்கும் மோர் ஊற்றினாள், மாப்பிள்ளைக்கு வழியவிட்டாள். தை மாதம் கல்யாணம் என்று அப்போதே பேசி முடித்தார்கள்.

அவ்வளவு சீக்கிரம் சாப்பிட்டுப் பழக்கமில்லாததால், வீட்டில் போய் இன்னொரு தடவை சாப்பிட்டேன். ஹெட்டைச் சீவியதன் முழுப் பலனும் கிடைத்ததா, டின்னும் கொஞ்சம் மூச்சைப் பிடிக்கிறதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. டின்னைக் கழற்றிவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். நைனார் விடமாட்டார்.