மறுத்துப் பேச ஒரு நிமிடம்

கல்லூரியிலிருந்து வந்த மலர்வளையம் வாசல் கேட்டில் நுழையவில்லை. தூக்கி வந்தவர்கள் சாய்த்துப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள், கடைசியில் ஓரத்துப் பூக்களை நசுக்கி உள்ளே தள்ளினார்கள். பந்தலுக்கு அடியில் அப்பாவின் கால்மாட்டில் அதைச் சாய்த்து வைத்த மகள், குறுக்கே ஓடிய நாடாவைப் படித்தாள். 'எங்கள் அன்புக்குரிய வரலாற்றுப் பேராசிரியருக்கு.'

அன்பாம்! கடைசி ஒரு வருஷமாக ஆசிரியர் அறையில் அப்பா உட்கார்ந்த மேசைப் பக்கம் ஒரு ஈ, காக்காய் வந்து டீ குடித்ததில்லை.

எல்லாம் அந்த ரசீதால் வந்த வினை. பொருளாதாரப் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் அது. கல்லூரிப் படிப்பை இலவசமாகக் கொடுப்பதால் சோம்பேறிகள்தான் பெருகுகிறார்கள், கட்டணம் வாங்க வேண்டும் என்று அந்த ஆள் பத்திரிகையில் எழுதினார். கல்லூரி கொதித்தது. அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று முதல்வர் கூட்டிய கூட்டத்தில், அப்பா ஒருத்தர்தான் எழுந்து நின்றார். "அவர் எழுதினது குப்பை. குப்பைன்னு நான் பதில் எழுதுறேன். அதுக்காக அவர் கையில இருக்கிற சாக்பீஸைப் பிடுங்குவீங்களா?"

ரசீதின் வேலை தப்பியது. அப்பாவின் வகுப்பு காலியானது. மாணவர்கள் வெளிநடப்புச் செய்தார்கள், அதைக் காரணம் காட்டி முதல்வர் அவரை நூலகத்துக்கு மாற்றினார். நேற்றுக் காலை, புத்தகங்களின் முதுகில் எண் ஒட்டிக்கொண்டிருந்தபோது அப்படியே சாய்ந்துவிட்டார்.

"அந்த ஆளுக்காகவாப்பா இவ்வளவும்?" என்று அவள் ஒருநாள் கத்தியிருக்கிறாள். அப்பா லாரி கிளீனரின் மகன். அவரும் காசு கட்டாமல் படித்தவர்தான், இவளும்தான்.

"எனக்கும் அவனைப் பிடிக்காதும்மா. பிடிச்சவன் பேசுறதுக்கு நான் எதுக்கு?"

முதல்வர் தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "கருத்துச் சுதந்திரத்தின் காவலர் நம் பேராசிரியர். அந்தப் போராட்டத்தில் அவருக்குத் தோள் கொடுத்து நின்றது நம் கல்லூரி என்பதில் எனக்குப் பெருமை."

அம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த அப்பாவின் வாட்ச் மகளின் கையில் தொளதொளவென்று கிடந்தது. பாடம் முடிந்ததும் அதைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "ஒரு நிமிஷம், என்னை மறுத்துப் பேசுங்க" என்பார் அப்பா. அந்த நிமிடம் முடியும்வரை வாயே திறக்கமாட்டார். முடிந்ததும் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு பதில் சொல்ல ஆரம்பிப்பார். வீட்டில் சாப்பாட்டு மேசையிலும் அதே சட்டம்தான். அவளும் தம்பியும் பல சண்டைகளை அந்த ஒரு நிமிடத்தில்தான் ஜெயித்திருக்கிறார்கள்.

அவள் எழுந்து போய், வாட்ச்சைக் கழற்றி மைக் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் வைத்தாள்.

"அப்பா வழக்கப்படி ஒரு நிமிஷம். சார் சொன்னதை யாராவது மறுத்துப் பேசணும்னா பேசலாம்."

முன்வரிசைப் பேராசிரியர்கள் தங்கள் செருப்புகளை ஆராய்ந்தார்கள். வெளிநடப்புக்குத் தலைமை தாங்கிய மாணவன் போனில் மூழ்கினான். பொய் என்று ஒரு வாய் சொன்னால் போதும், அப்பா நிம்மதியாகப் போய்விடுவார் என்று அவளுக்குத் தோன்றியது.

"நான் பேசணும்." கேட்டுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. ரசீது. காலையிலிருந்து தம்பி அவரை உள்ளே விடாமல் மறித்து வைத்திருந்தான்.

"மூஞ்சியக் காட்டாம போயிருங்க சார். மரியாதையா சொல்றேன்."

"உள்ள விடுடா," என்றாள் அவள். தம்பி நம்பமுடியாமல் அவளைப் பார்த்தான். பிறகு நகர்ந்தான், ஆனால் ரசீதின் பின்னாலேயே வந்தான்.

ரசீது மைக்கைத் தொடவில்லை. "முதல்வர் சொல்றது பச்சைப் பொய். இவர் வகுப்பைப் பிடுங்கினதே அவர்தான்."

முதல்வர் கைக்குட்டையைத் தேடினார். அவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அந்த மனுஷன் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இன்னொண்ணும் சொல்லணும். இவர் வகுப்பைக் காலி பண்ணினது யாரு? ஓசியில படிக்கிற கூட்டம். எதுக்கும் விலை தெரியாத கூட்டம். இவரும் அந்தக் கூட்டத்துல இருந்து வந்தவர்தான். அதனாலதான் நான் எழுதினது கடைசிவரைக்கும் இவருக்குப் புரியல."

தம்பி பாய்ந்தான். அவள் அவன் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள்.

"விடுக்கா! அப்பாவை வச்சுக்கிட்டே என்ன பேசறான் பாரு!"

"நிமிஷம் முடியல."

அவளுக்கே அந்த வாயில் ஒன்று போட வேண்டும்போல இருந்தது. வாட்ச்சில் முள் நகர்வேனா என்றது. ரசீது மீதி நேரம் முழுவதும் பேசினார், வகுப்பில் பேசுவதைப் போலவே, நிதானமாக. முடிந்ததும் அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அவள் இடது கையால் வாட்ச்சை எடுத்தாள். பதில் சொல்ல வேண்டியவர் கண்மூடிப் படுத்திருந்தார்.

வண்டி வந்து நின்றது. தூக்குவதற்குத் தம்பியைக் கூப்பிட்டார்கள்.

"அவன் கையை விடுடி," என்றாள் அம்மா.

அப்போதுதான் விட்டாள். அவன் மணிக்கட்டில் அவளுடைய ஐந்து விரல்களும் சிவந்து பதிந்திருந்தன.