தேக்குத் தூள்

நாற்காலியின் முதுகுக் கட்டையை மடியில் சாய்த்துக்கொண்டு வெர்னர் தேய்த்துக்கொண்டிருந்தான். உள்வளைவில் இயந்திரம் புகாது. உப்புத்தாளை விரலில் சுற்றித்தான் தேய்க்க வேண்டும். விரலிடுக்கெல்லாம் வெடித்து நீர் கசிந்தது. மரத்தில் பட்டால் கறையாகும் என்று நிறுத்தி நிறுத்தித் துணியில் ஒற்றிக்கொண்டான்.

அந்த வரிசைக்கே மொத்தமாகத்தான் கூலி. முடிந்த நாற்காலிகளைக் கணக்குப் பார்த்துப் பங்கு பிரிப்பார்கள். ஒருவன் பின்தங்கினால் எல்லோர் பங்கும் குறையும். அதனால் பக்கத்து மேசை எகான் கேட்காமலே வெர்னரின் அடுக்கிலிருந்து ஒன்றை இழுத்துக்கொண்டான்.

"வைடா அத. நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்கிட்டது போதும். மூஞ்சியப் பாரு, வேகவச்ச பன்னித்தலை மாதிரி."

காகிதக் கயிற்றால் இருக்கை பின்னுகிற கெர்டா அங்கிருந்தே சொன்னாள்: "பன்னித்தலைன்னா கிறிஸ்துமஸுக்காவது ஆகும்."

வெர்னரும் சிரித்தான். தடித்த இமை வலித்தது.

ஓக் மரம் இழைத்த காலத்தில் அவன் கையில் புண் எதுவும் வந்ததில்லை. அமெரிக்க ஆர்டர் வந்தபின் எல்லாம் சயாம் தேக்குதான். அந்தத் தூள் படாமல் இருந்தால் ஆறிவிடும் என்றார் டாக்டர். தொழிற்சங்கப் பிரதிநிதியான எகான், வெர்னரைப் பின்னல் வேலைக்கு மாற்றச் சொல்லி ஆபீஸில் கேட்டிருந்தான்.

மதியம் ரை ரொட்டிப் பொட்டலங்களைப் பிரித்தபோது மேஸ்திரி தோர்கில் பதிலோடு வந்தார்.

"பின்னலுக்குப் பொம்பளைங்க ரேட்டுதான், வெர்னர்."

"அதுக்கே வரேன் மேஸ்திரி."

எகான் வாயிலிருந்த ரொட்டியை விழுங்கினான். "அது முடியாதுடா. ஒரு ஆம்பள அந்த ரேட்டுக்கு எறங்கினா, நாளைக்கு எல்லாரையும் எறக்கிடுவாங்க. சங்கம் ஒத்துக்காது."

"அப்ப என் ரேட்ட ஏத்துங்களேன்" என்றாள் கெர்டா. "ரெண்டும் ஒண்ணாயிடும்ல?"

மேஸ்திரி தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"வெள்ளிக்கிழமையோட நின்னுக்கப்பா. கை ஆறினதும் வா."

"வந்தா மறுபடி தேக்குதான?"

"ஓக்க யாரு கேக்கறா இப்ப?"

அதற்குள் கோபன்ஹேகனிலிருந்து வந்த புகைப்படக்காரர் விளக்குகளை நட்டுவைக்க ஆரம்பித்திருந்தார். அமெரிக்கக் கடைகளுக்குப் போகும் விலைப்பட்டியல் புத்தகத்துக்குப் படம். அடுக்கில் பார்த்து வெர்னர் முடித்த நாற்காலியைத்தான் எடுத்தார். அதன்மேல் தச்சன் கை ஒன்று வேண்டும் என்றார். வெர்னர் எழுந்தான். அவர் அவன் கையைப் பார்த்துவிட்டு மேஸ்திரியைப் பார்த்தார்.

ஆபீஸிலிருந்து கணக்குப்பிள்ளை பிர்கரைக் கூட்டி வந்தார்கள். கோட்டைக் கழற்றிச் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டார்கள். "வேலை செஞ்ச மாதிரி இல்லையே" என்றார் புகைப்படக்காரர். வெர்னர் கட்டியிருந்த மேலங்கியைக் கேட்டார்கள். முடிச்சு அவன் விரலுக்கு வரவில்லை. கெர்டா பின்னாலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள்.

அப்படியும் கை வெளுப்பாகவே இருந்தது. மேஸ்திரி வெர்னரின் மேசையிலிருந்து தூளை வழித்தெடுத்து பிர்கரின் இரண்டு புறங்கையிலும் தூவினார். புகைப்படக்காரர் வெர்னரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார், நிழல் விழுகிறதாம்.

விரலை அசைக்காமல் வைத்துக்கொண்டு பிர்கர் கேட்டான்: "இது கழுவினா போயிடுமாங்க?"

"போயிடும்" என்றான் வெர்னர்.