கோடு போட்ட அறை

ஆய்வகத்தில் அவளுக்கு எலியக்கா என்று பேர். வைத்தவர் கூண்டு கழுவும் பணியாளர். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், பேர் மட்டும் தங்கிவிட்டது. ஒன்பது வருஷமாக ஒரே ஆசையைக் கட்டிக்கொண்டு அழுகிறாள்: வலியைப் போக்க வேண்டும், ஆளைக் கெடுக்கக் கூடாது. மார்ஃபின் வகை மருந்துகள் வலியை அடக்கும். கூடவே அடிமையாக்கும், அளவு மிஞ்சினால் மூச்சையும் நிறுத்தும். நரம்பில் கப்பா ஏற்பி என்று இன்னொரு வாசல் உண்டு. அதன் வழியே போனால் இந்தத் தொல்லைகள் அவ்வளவாக இல்லை. ஆனால் மனசு இருண்டுபோகும். வலி போன இடத்தில் காரணமில்லாத ஒரு துக்கம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். அந்தத் துக்கத்தைக் கொண்டுவராத மருந்து என்று அவள் தான் உருவாக்கியவற்றில் நாற்பத்தேழாம் எண் மருந்தை நம்பிக்கொண்டிருந்தாள்.

எலியின் துக்கத்தை அளக்க ஒரு பெட்டி இருக்கிறது. அதில் இரண்டு அறை. ஒன்றின் சுவரில் கோடு, மற்றது வெறும் வெள்ளை. கோடு போட்ட அறையில் மருந்து, வெள்ளை அறையில் உப்புத் தண்ணீர் என்று சில நாள் மாற்றி மாற்றி ஊசி. கடைசி நாள் ஊசி கிடையாது. நடுக்கதவைத் திறந்துவிட்டு, எலி எந்த அறையில் எத்தனை வினாடி இருக்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ண வேண்டும். மருந்து மனசைக் கெடுத்திருந்தால், அது கோடு போட்ட அறைப் பக்கம் தலைவைத்தும் படுக்காது. மனிதனைக் கேட்டால் 'பரவாயில்லை' என்று பூசி மெழுகுவான். எலிக்கு அந்த நாகரிகம் தெரியாது. அதனால்தான் அவளுக்கு எலிகளை அவ்வளவு பிடிக்கும்.

பன்னிரண்டு எலிகளில் எட்டு இரண்டு அறையிலும் சாவகாசமாக உலாவின. நான்கு மட்டும் கோட்டு அறையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டன. எலியக்கா ஏன் என்று தேடினாள். கூண்டுச் சீட்டுகளைப் புரட்டியபோது தன் தவறு தெரிந்தது. அந்த நான்கும் சண்டைக்காரர்கள். மற்றவை கூட்டாக ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்க, இவற்றை ஒரு மாதம் முன்பு அவளேதான் தனித்தனிக் கூண்டில் போட்டாள். கடிபடாமல் இருந்தால் சரி என்று நினைத்தவள், அதைச் சோதனைக் குறிப்பில் எழுத மறந்துவிட்டாள்.

துறைத்தலைவருக்கு இதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. சேர்ந்து வாழும் எலிகள் என்றுதானே திட்டத்தில் இருக்கிறது, நான்கையும் விதிப்படியே தள்ளிவிடலாம் என்றார். எட்டை வைத்து எழுதினால் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மருந்து தேறிவிடும். பன்னிரண்டையும் வைத்தால் கிடப்பில் விழுந்து அலமாரிக்குப் போகும்.

அவள் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, வழக்கம்போலத் திரையைப் பார்த்தபடி தனியாகச் சாப்பிட்டாள். அப்போதுதான் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் போனில் கூப்பிட்டாள்.

அப்பா வேறு ஊரில் தனியாக இருந்தார். முதுகெலும்பில் நோய். அம்மா போய் நான்கு வருஷம். வேலைக்காலம் முழுக்க கிரேன் மேலே ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தவர், தனிமை அவருக்குப் பழகினதுதான் என்று மகள் கணக்குப் போட்டிருந்தாள். நல்ல டாக்டர், சரியான மாத்திரை, காலையில் நர்ஸ். வலி அடங்கிவிட்டது. எலியக்கா அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

"வலி இல்லன்னுதான் சொல்றாரு மேடம்," என்றாள் நர்ஸ். "ஆனா உள் ரூமுக்கு மட்டும் வரவே மாட்டேங்கிறாரு. ஹால் நாற்காலியிலயே படுத்துக்கிறாரு."

உள் அறையில் என்ன நடக்கிறது என்று எலியக்கா விசாரித்தாள். ஒன்றுமில்லை. பத்து மணிக்கு மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்து, தூங்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு நர்ஸ் போய்விடுவாள், அவ்வளவுதான்.

எலியக்காவுக்குச் சுருக்கென்றது. அன்றே மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தாள்.

முதல் நாள் அவள் உள் அறையில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாயை விரித்து, மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். அப்பா நிலைப்படியில் நின்றார். பழக்கதோஷம், அவள் மனசு வினாடிகளை எண்ணியது. நாற்பத்தொன்றில் உள்ளே வந்து படுத்தார்.

"ஏம்ப்பா இங்க வரல இத்தன நாளா?"

"தெரியலம்மா. வலியெல்லாம் இல்ல. பரவாயில்ல."

மறுநாள் அவர் தயங்கவே இல்லை. மாத்திரை போட்டுக்கொண்டு, கிரேன் மேலே தனக்கும் ஒரு காக்கைக்கும் நடந்த வழக்கைச் சொல்லிச் சிரித்தார், சொல்லும்போதே தூங்கிப்போனார். அவள் அழுதாள். தன் வாடகை வீட்டில் காத்திருக்க ஒரு காக்கைகூட இல்லையே என்பதும் அந்த அழுகையில் இருந்தது.

மூன்றாம் நாள் காலை அறிக்கையை அனுப்பினாள். துறைத்தலைவர் உடனே கூப்பிட்டார். பன்னிரண்டு எலியும் அப்படியே இருக்கிறதே, ஒன்பது வருஷ உழைப்பைத் தண்ணீரில் போடுகிறீர்களா என்று குதித்தார்.

"தனியா இருந்த நாலும் கோட்டு ரூம விட்டு ஓடிப்போச்சு சார். அதத்தான் எழுதியிருக்கேன். இந்த மருந்து தேவைப்படறவங்க எத்தன பேரு தனியாப் படுத்துக் கெடக்காங்கன்னு யாருக்குத் தெரியும்?"

துறைத்தலைவர், நாற்பத்தேழு அலமாரிக்குப் போகும் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மத்தியான பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அப்பா கட்டிலில் கண்மூடிப் படுத்திருந்தார். அவள் சத்தமில்லாமல் துணிகளை மடித்து, பையின் ஜிப்பை இழுத்தாள். அப்பா கண்ணைத் திறந்தார். மெல்ல எழுந்து, தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஹால் நாற்காலிக்குப் போய்விட்டார்.