ஏழாம் எண் ஜெர்சிகள் இரண்டு

கல்பாக்கத்து அணு ஆராய்ச்சி ஆபீசில் வேலை பார்த்த பார்த்தசாரதிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேறொரு உத்தியோகம் இருந்தது. ஆட்டக்காரர்கள் மேட்சில் போட்டு விளையாடிய ஜெர்சிகளைச் சேர்க்கும் பைத்தியம் பிடித்தவர்கள் சென்னையிலிருந்துகூட அவரைத் தேடி வருவார்கள். வியர்வை உப்பு படிந்திருக்கிறதா, எண்ணின் தையல் இழுபட்டிருக்கிறதா, பழைய போட்டோவோடு ஒத்துப்போகிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார். கறாரான மனுஷன். சொந்த மைத்துனன் கொண்டுவந்த கிரிக்கெட் சட்டையையே, கடையில் வாங்கி மண்ணில் புரட்டியது என்று எழுதித் திருப்பி அனுப்பியவர்.

அவரிடமும் ஒரு பொக்கிஷம் இருந்தது. தொண்ணூற்றாறில் செங்கல்பட்டில் நடந்த கபடி ஃபைனலில் படாளம் கேப்டன் சடையப்பன் போட்டிருந்த வெள்ளை ஜெர்சி, ஏழாம் எண். அன்றைக்குக் கூட்டத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தியவர் இவர். பிற்பாடு ஒரு வியாபாரியிடம் அந்த ஜெர்சி கிடைத்ததும் தானே ஒன்பதரை மார்க் போட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். தூசி தட்டக்கூட மனைவி ஜெகதாம்பாளை விடமாட்டார்.

இரண்டாயிரத்து மூன்றில் ஒரு ஞாயிறு, சடையப்பனின் தங்கை கண்ணகி இன்னொரு ஏழாம் எண் ஜெர்சியோடு வந்து நின்றாள். படாளத்தில் கபடி கிளப்புக்குப் புதுக் கட்டடம் திறக்கிறார்கள், அங்கே அண்ணன் ஜெர்சியை மாட்டவேண்டும் என்பது அவள் ஆசை. கிளப்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒரிஜினலு கல்பாக்கத்து சார் வூட்ல கீதுன்றாங்க. நீங்க பாத்து எழுதிக் குடுத்தாதான் மாட்டுவாங்களாம்" என்றாள்.

பார்த்தசாரதிக்குச் சிரிப்பு வந்தது. அவள் ஜெர்சி சோப்புப் போட்டுத் துவைத்து மடித்தது. அவர் பெருமையாக அந்த ஃபைனலின் கறுப்பு வெள்ளைப் போட்டோவை எடுத்துக் காட்டினார். சடையப்பனின் ஜெர்சி ஓரத்தில் ஒரு கறை. தன் ஜெர்சியிலும் அதே இடத்தில் காய்ந்த ரத்தக் கறை இருப்பதைக் காட்டி, ஆட்டத்தில் சிந்தியது என்றார். கண்ணகி தன் ஜெர்சியின் ஓரத்தைத் திருப்பினாள். அங்கேயும் ஒரு கறை, மஞ்சளாக.

"ரத்தம் இல்ல சார், மஞ்சா. புதுத்துணி எதுன்னாலும் எங்கம்மா ஓரத்துல மஞ்சா வெச்சிதான் போட்டுக்கக் குடுக்கும்."

அவர் மறுபடி போட்டோவைப் பார்த்தார். நடுவர் கையிலிருந்து எழும்பிய காசு அந்தரத்தில் நின்றது. டாஸ் போடும்போது எடுத்த படம். ஆட்டமே ஆரம்பிக்காதபோது ஆட்டத்தில் சிந்திய ரத்தம் எப்படி வரும்? இந்தப் படத்தைப் பார்த்து எவனோ கறை வைத்திருக்கிறான். ஆசை கண்ணை மறைக்க, அவரும் நம்பியிருக்கிறார்.

இன்னும் சோதிக்கவேண்டும், அடுத்த மாதம் வா என்று சொல்லி அனுப்பினால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அப்படிச் சொல்ல வாயும் எடுத்தார். மைத்துனனுக்கு எழுதிய கை இது என்ற நினைப்பு வந்து, வாயை மூடிக்கொண்டார். அவள் ஜெர்சிக்கு எட்டு மார்க் போட்டு, தன்னுடையது போலி என்றும் அதே சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டார். துவைத்ததற்காக இரண்டு மார்க் குறைத்ததை மட்டும் கண்ணகி எவ்வளவு சண்டை பிடித்தும் அவர் மாற்றவில்லை.

கிளப் திறப்பு விழாவுக்கு அவரையும் கூப்பிட்டார்கள். நாக்பூர் பக்கம் லாரி ஓட்டிக்கொண்டிருந்த சடையப்பன் லீவு போட்டு வந்திருந்தான். பழைய ஆட்டக்காரர்களின் கபடியில் எதிரணிக்கு ஓர் ஆள் குறைந்தது. போலியைப் பெட்டியில் பூட்டிவைத்து என்ன செய்வது என்று அதையே மாட்டிக்கொண்டு போயிருந்த பார்த்தசாரதியைக் கண்ணகி உள்ளே தள்ளிவிட்டாள்.

அவர் கபடி கபடி என்று பாடிக்கொண்டே கோட்டைத் தாண்டினார். சடையப்பன் ஒரே பிடியில் கணுக்காலை வாரினான். மனுஷன் குப்புற விழுந்தார். கூட்டம் விசிலடித்தது.

சடையப்பன் கைகொடுத்துத் தூக்கி, அவர் மார்பிலிருந்த செம்மண்ணைத் தட்டப் போனான்.

"தட்டாதப்பா" என்று தடுத்தார் பார்த்தசாரதி. "இப்பதான் இது மேட்ச்ல போட்ட ஜெர்சி."