ரோட்டுக்கு அந்தப் பக்கம்

“ஆசுபத்திரி அந்தப் பக்கம் போயிருச்சுன்னா, என் காலு எந்தப் பக்கம் போறது ஆத்தா?”

நாகலிங்கம் ஒருமுறை கோசலாவிடம் இப்படிக் கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்தார். கோசலா எதற்குத்தான் வாய் திறந்தாள்? இலங்கையில் ஹட்டனுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் லயத்து வீடு ஒன்றிலிருந்து, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளினிக்கைக் கூட்டித் துடைக்க வந்தவள். தமிழோடு சிங்களம், கொஞ்சம் இந்தி, கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும் என்று கண்டுகொண்டு கவுண்டரில் உட்கார்த்தி வைத்தார்கள். மற்றவர்கள் பேச்சை மொழிபெயர்ப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. தன் பேச்சு என்று ஒன்று பேசவேண்டியதில்லை.

கிளினிக் அப்போது ஷார்ஜா தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில், டயர் கடைக்கு மேலே இருந்தது. எதிரில் ஒரு பெரிய ரோடு. ரோட்டைத் தாண்டினால் துபாய். மாடியில் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே தூசிதான். ஆனால் கிளினிக்குகளை ஆளுகிற அலுவலகம் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் வேறொன்று. நோயாளியின் இன்ஷூரன்ஸ் கார்டு வேறு, டாக்டரின் லைசென்ஸ் வேறு. அந்தப் பக்கத்துக் கார்டில்தான் வரும்படி அதிகம் என்று தெரிந்ததும், முதலாளி கிளினிக்கைப் பெயர்த்து ரோட்டுக்கு அப்பால் வைக்க முடிவு செய்தார். நாற்காலி போகும், எடை பார்க்கிற மெஷின் போகும், கோசலா போவாள். டாக்டர் ஜலஜா போகமுடியாது. அவருடைய லைசென்ஸ் ரோட்டோரத்தோடு முடிந்துவிடும். அந்தப் பக்கம் வைத்தியம் பார்க்க வேறு பரீட்சை எழுதவேண்டும்.

நாகலிங்கத்தின் கார்டும் அப்படித்தான். அவருடைய சின்னக் கம்பெனி எடுத்துக் கொடுத்திருந்த மலிவுக் கார்டு ஷார்ஜாவைத் தாண்டாது.

அவர் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர். கட்டடங்களில் கம்பி கட்டுகிற வேலை. சைட்டில் ஒரு ஆணி ஷூவைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலில் ஏறிவிட்டது. மற்றவருக்கென்றால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். இவருக்குச் சர்க்கரை நோய். புண் வாயை மூடாமல் மாதக்கணக்கில் கிடந்தது. ஜலஜா நர்ஸை நம்பாமல் தானே உட்கார்ந்து அதைக் கழுவிக் கட்டுவார்.

“நாகலிங்கம், இன்னிக்கும் பரோட்டாவா?”

“ஐயோ இல்லம்மா. ரெண்டே ரெண்டு.”

“ரெண்டு பிளேட்டா?”

“நீங்க கேக்குறதப் பாத்தா ரூம்லயே வந்து எண்ணுவீக போல.”

அப்படிச் சிரித்துச் சிரித்தே புண் பட்டாணி அளவுக்குச் சுருங்கியிருந்தது. பழைய கிளினிக்கின் கடைசி நாளன்று ஜலஜா தன் ஸ்டெதஸ்கோப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டே கோசலாவிடம் சொன்னார்: “அவர் காலை விட்டுடாதே. புண்ணு சின்னதுதான். சுகர்தான் பெரிசு.”

கோசலா தலையாட்டினாள்.

நாகலிங்கத்தின் கார்டுக்கு ஷார்ஜாவுக்குள் வேறொரு கிளினிக் உண்டு. அவர் டூட்டி முடிந்து வேனில் வந்து இறங்குவதற்குள் அது மூடிவிடும். லீவு கேட்டார். ஃபோர்மேன், “ஊருக்குப் போயி நிரந்தரமா லீவு எடுத்துக்கோ” என்றான். ஒரு மாலை, கட்டுப் போட்ட கால் நுழைவதற்காகச் செருப்பின் பின்வாரை அறுத்து எறிந்துவிட்டு, நொண்டிக்கொண்டே ரோட்டைக் கடந்து புதுக் கிளினிக்குக்கு வந்தார். துணைக்கு அவர் ரூம்காரன் அன்பரசன்.

கோசலா அவருடைய கார்டை மெஷினில் போட்டாள். திரையில் சிவப்பு விழுந்தது.

“மாஃபியா? இல்லைங்குதா?” என்றார் நாகலிங்கம். அவளுக்குச் சொல்ல வராததை அவரே சொல்லிவிட்டார்.

அன்பரசன் அரியலூர்ப் பையன். வேலை துபாய்க் கம்பெனியில், விசாவும் அங்கேதான். வாடகை குறைவென்று படுக்கை மட்டும் ஷார்ஜாவில். அவன் தன் கார்டை எடுத்துக் கவுண்டரில் தட்டினான்.

“இதப் போடுங்க அக்கா. சோறு ஒரே சட்டியில, சோப்பு ஒண்ணு, ஊருக்குப் போறப்ப போட்டுக்கிற சட்டைகூட ரூமுக்கு ஒண்ணுதான். கார்டு மட்டும் என்ன தனித்தனி?”

அவன் சொன்னது பொய்யில்லை. அந்த ரூம்களில் அப்படித்தான். கேட்டுக் கொடுப்பதில்லை, கேட்குமுன்னே கொடுத்துவிடுவார்கள். வாங்கிக்கொள்ளாவிட்டால்தான் வருத்தம்.

கார்டில் இருக்கும் படத்தையும் எதிரே நிற்கும் முகத்தையும் ஒத்துப் பார்ப்பதற்குத்தான் கோசலாவுக்குச் சம்பளம். பார்த்தாள். மீசை ஒன்றுபோல் இருந்தது. மற்றதெல்லாம் வேறு. மெஷினில் போட்டாள். பச்சை விழுந்தது. பிறகு அவளே குனிந்து, சன்னமாகப் பேசினாள்.

“அண்ணே, உள்ளுக்குப் போனா உங்க பேரு அன்பரசன். வயசு முப்பத்தொண்ணு. சுகர் இருக்குன்னு மட்டும் சொல்லிறாதீங்க. அன்பரசனுக்கு அது இல்ல. டெஸ்ட் எடுத்தா பிடிபட்டுரும்.”

நாகலிங்கம் அவளை வியப்போடு பார்த்தார். “அட, ஒனக்கு இம்புட்டுப் பேச வருமா?”

புது டாக்டருக்குத் தமிழ் தெரியாது. கோசலா கூடவே நின்றாள். அவர் காலைத் திருப்பிப் பார்த்தார், திரையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. சுகர் உண்டா என்று இங்கிலீஷில் கேட்டார். அந்தக் கேள்வியைக் கோசலா தமிழாக்கவே இல்லை.

“நோ, டாக்டர்” என்றாள்.

சுகர் என்ற சொல் நாகலிங்கத்துக்கும் புரிந்துதான் இருந்தது. அவர் அவளைப் பார்த்து நன்றியோடு லேசாகத் தலையசைத்தார்.

டாக்டர் ஒரு களிம்பும் மாத்திரையும் எழுதினார். சாதாரணக் காயத்துக்கு அது சரியான மருந்துதான்.

சர்க்கரை மாத்திரையை நாகலிங்கம் இனி சொந்தக் காசில் வாங்கவேண்டும். வாங்கிய வாரம் உண்டு, வாங்காத வாரம் உண்டு. அடுத்த முறை வந்தபோது புண்ணின் ஓரம் கறுத்திருந்தது. “முப்பத்தொரு வயதா இவருக்கு?” என்று டாக்டர் லேசாகப் புருவத்தை உயர்த்தினார். வெயிலில் வேலை என்றாள் கோசலா. டாக்டர் சிரித்துவிட்டு மாத்திரையை மாற்றினார். அவள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சொன்னால் அன்பரசன் வேலை போகும், தன் வேலை போகும், நாகலிங்கத்துக்கு இருக்கிற ஒரு கதவும் மூடும். மறுநாளும் அப்படியே நினைத்தாள்.

அதற்கடுத்த முறை, கட்டைப் பிரிக்கும் முன்னரே அறை நாறியது. டாக்டர் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்றார். கோசலா நாகலிங்கத்தோடு வெளியே வந்து சொன்னதும் அன்பரசனின் முகம் செத்துவிட்டது.

“என் பேர்ல சுகர்னு ஏறிடுமா? அக்கா, அடுத்த மாசம் வேற கம்பெனிக்கு மாறுறேன். புது விசாவுக்கு மெடிக்கல் டெஸ்ட் இருக்கு. எல்லாம் கலாஸ், முடிஞ்சுரும் அக்கா.”

“விடுடா, ரத்தமெல்லாம் வேணாம்” என்றார் நாகலிங்கம். “நாம் பொழைக்க வந்தது காலை வச்சா, கையை வச்சா? கையிதானே கம்பி கட்டுது.”

யாரும் சிரிக்கவில்லை. அன்பரசன் தன் கார்டை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். வைத்த கை வெகுநேரம் பையின் மேலேயே இருந்தது.

கோசலா கழிவறைக்குள் போய் நின்று ஜலஜாவுக்குப் போன் செய்தாள். அழாமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஜலஜா முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“நான் மருந்து எழுத முடியாது கோசலா. கிளினிக் மூடினதோட ஷார்ஜா லைசென்ஸும் போச்சு, இப்ப எனக்கு எந்தப் பக்கமும் லைசென்ஸ் இல்லை. அவரைப் பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு அனுப்பு. சொந்தப் பேர்ல. இப்பவே. ரூமுக்குப் போக விடாதே.”

அவள் வெளியே ஓடிவந்தபோது இருவரும் ரோட்டின் நடுத்திட்டில் நின்றிருந்தார்கள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. “அண்ணே, எமர்ஜென்சிக்குப் போங்க! சொந்தப் பேர்ல!” என்று கத்தினாள். அவள் அப்படிக் கத்தியதே இல்லை. நாகலிங்கம் காதில் கைவைத்துக் கேட்டார், சரி சரி என்று கையை ஆட்டினார். வெள்ளிக்கிழமை விடுமுறையில் போய்க்கொள்ளலாம், டூட்டி கெடாது என்று அன்பரசனிடம் சொன்னாராம். வெள்ளிக்கிழமைக்கு முன்பே காய்ச்சல் வந்து, சைட்டில் கம்பிக்கட்டின் மேலேயே சாய்ந்துவிட்டார்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கோசலா ஆஸ்பத்திரிக்குப் போக லீவு வாங்குவதற்குள் ஊருக்கு அனுப்ப ஏற்பாடாகிவிட்டது. கம்பெனி விசாவை ரத்து செய்துவிட்டது. கால் இல்லாதவனுக்குக் கம்பி கட்டுகிற விசா எதற்கு? அவள் போய்ச் சேர்ந்தபோது அவர் வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மொட்டைக் காலின் மேல் வார்டுப் போர்வை. அன்பரசன் பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் முடிச்சிலேயே கண்ணாக இருந்தான்.

சொல்லவேண்டியதை அவள் பஸ்ஸில் வரும்போது திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்திருந்தாள். அண்ணே, நான்தான் சொல்ல வேணாம்னேன். நான்தான் இல்லைன்னு சொன்னேன். அவர் எதிரில் போய் நின்றாள்.

“அண்ணே” என்றாள். அப்புறம், “அண்ணே, நான்தான்…”

அவ்வளவுதான் வந்தது.

நாகலிங்கம் அவளை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் இருந்தால் அவள் தாங்கியிருப்பாள். எதுவுமே இல்லை. முன்னே தெரிந்த ஒருத்தியை எங்கே பார்த்தோம் என்று யோசிப்பவர்போலப் பார்த்தார். வேன் வந்து நின்றது. டிரைவர் “யல்லா, யல்லா” என்று ஹார்ன் அடித்தான். அன்பரசன் குனிந்து அவருடைய கைகளைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு தூக்கினான்.

எங்கே கிளம்பினாலும், தெருமுனைக் கடைக்குப் போனால்கூட, போயிட்டு வாரேன் ஆத்தா என்று சொல்லிவிட்டுப் போகிற மனிதர் அவர். கோசலா அதற்காக நின்றாள்.

வேன் கதவு இழுத்து மூடப்பட்டது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் முன்னால் இருந்த ரோட்டையே பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனார்.